ரேக் வாங்கப் போன மூன்று வாரம்

ஒரு இரும்புப் பெட்டி வாங்க ஒரு மனிதருக்கு எத்தனை நாள் ஆகும்? கடைக்குப் போய், இதுதான் வேண்டும் என்று கையைக் காட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் அரை நாள் வேலை. ஜெனரேட்டர்காரருக்கு மூன்று வாரம் ஆனது. அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அந்த மூன்று வாரமும் அளவு டேப்பும் பென்சிலும் சட்டைப்பையில் இல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்கியதே இல்லை.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மூடி மூடி வைத்துக் கடைசியில் திறந்து காட்டுகிற சாமர்த்தியம் எனக்குப் பிடிக்காது. அவருக்குக் காது கேட்காது. அது அவருடைய மகளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பதுதான் இரண்டு வருஷமாக அவருடைய முழுநேர வேலை.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் ஓட்டியவர் அவர். மேலே விருந்தாளிகள் மெத்தையில் புரளுவார்கள். கரண்ட் போனால் பத்து நொடிக்குள் அவர்கள் தலைக்கு மேல் விளக்கு எரிந்தாக வேண்டும். கீழே, ஆள் உயரத்துக்கு இரண்டு மெஷின்கள் உறுமும். அந்த அறையில் யாரும் வாயால் பேசிக்கொண்டதில்லை, எல்லாம் கைஜாடைதான். காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லி ஓட்டல்காரர்கள் ஒரு கவசம் கொடுத்திருந்தார்கள். வியர்க்கிறது என்று அதை ஆணியில் மாட்டிவிட்டு அவர் வேலை பார்த்தார். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் காதை நம்பியதுமில்லை. உள்ளங்கையை அதன் விலாவில் வைத்துப் பார்ப்பார், கை சொல்லிவிடும். ஓட்டலில் எல்லோரும் அவரை ஜெனரேட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவில் அந்தப் பெயர்தான் நிற்கிறது.

காது போனது அவருக்கே மனைவி போன பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாள் இருந்தவரைக்கும் யார் என்ன சொன்னாலும் அதைப் பக்கத்தில் நின்று உரக்க ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுவாள். பால்காரர் வந்தால், "பாக்கிச் சில்லறை நாளைக்குத் தர்றாராம்" என்பாள். மகள் போனில் பேசினால், "அங்க மழையாம், சளி பிடிச்சிருக்காம்" என்பாள். எல்லா மனைவிகளும் இப்படித்தான் சொன்னதையே சொல்லி உயிரை வாங்குவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்தாள். வந்தவர்களெல்லாம் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு உலகம் வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தது.

பேச்சு கேட்பதில்லையே தவிர, சத்தம் கொஞ்சம் கேட்கும். யாரோ பக்கத்து அறையில் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி. ஆள் நேராக முகத்தைக் காட்டிப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவார், மீதியை ஊகித்துக்கொள்வார். குக்கர் வைத்தால் அடுப்புக்கு முன்னால் நின்று, வெயிட் எத்தனை முறை எழும்புகிறது என்று கண்ணால் எண்ணுவார். அழைப்புமணிக்கு வழியில்லாததால் பகலெல்லாம் ஜன்னலோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். காது டாக்டர் ஒருவர் காதில் மாட்டுகிற மெஷின் எழுதிக் கொடுத்தார். சீட்டை நான்காக மடித்து பீரோவில் வைத்தவர் அதை மறுபடி எடுக்கவில்லை.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கலாம். பிடிவாதம் இல்லை, பயம். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவருக்கும் இப்படித்தான், அறுபது தாண்டியதும் காது அடைத்துப்போனது. போன் பண்ணினால், "ஆங்? யாரு? சத்தமாச் சொல்லு" என்பார். நாலு வார்த்தைக்கு நாற்பது தடவை தொண்டை கிழிய வேண்டும். ஜெனரேட்டர்காரர் முதலில் வாரம் ஒருமுறை கூப்பிட்டார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு, கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது, கேட்கவா போகிறது என்று விட்டுவிட்டார். ஒரு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதன்பின் அண்ணன் போய்விட்டார் என்ற செய்திதான் வந்தது. காது கேட்காதவர்களை மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, செய்தவரே அவர்தான்.

இப்போது அவருக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மகள் வெகுதூரத்தில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. வாரம் தவறாமல் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவாள். அவர் ஒன்பதரைக்கே குளித்து, சட்டை மாற்றி, தலைவாரி உட்கார்ந்துவிடுவார். அழைப்பு வந்ததும் அவளுக்கு வாய் திறக்க வழிவிடாமல் தன் சேதிகளைக் கடகடவென்று கொட்டுவார். தெருக் குழாய் உடைந்தது, கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது. கொட்டி முடித்ததும் மகளுடைய உதடு அசைய ஆரம்பிக்கும். நாலைந்து "ம்", இரண்டு "அப்படியா". அதற்குமேல் அவள் ஏதாவது கேள்வி கேட்டுவிட்டு முகத்தையே பார்க்கும்போது, "கேக்கலம்மா, கட் ஆகுது, லைன் சரியில்ல, அடுத்த வாரம் பேசலாம்" என்று அணைத்துவிடுவார். லைன் பாதி நாள் நிஜமாகவே மோசம்தான். படம் கட்டம் கட்டமாக உடையும், மகளுடைய மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் நிற்கும். அந்தப் பாதி நாள், மீதிப் பாதிக்கும் ஜாமீன் கொடுத்தது.

இதில் கை வைத்தவள் மகளேதான். ஒருநாள் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே புது ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், ஒவ்வொரு அறைக்கும் வயர் பிரித்துவிடுகிற பலகை, கரண்ட் போனாலும் இதையெல்லாம் தாங்குகிற தட்டையான ஒரு யூபிஎஸ், கூரையில் ஒட்டுகிற மூன்று வைஃபை தட்டுகள். எது எங்கே என்று வீட்டையே படமாக வரைந்து அனுப்பியிருந்தாள். போனில் செய்தியும் வந்தது. 'சுவர்ல மாட்டுற ரேக் மட்டும் அங்கயே வாங்கிக்குங்கப்பா, பாரம் ஜாஸ்தி. கடைக்காரம்மா ஒருத்தங்ககிட்ட பேசிட்டேன், அவங்களே வந்து மாட்டித் தருவாங்க.' அதற்குக் கீழே இன்னொன்று. 'ஒரு விஷயம் பேசணும்பா. எழுத்துல சொல்ற விஷயம் இல்ல. லைன் சரியானதும் நிதானமா சொல்றேன்.'

முதல் செய்தியில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். லைன் சரியானால் தன் கதை கந்தல். இரண்டாவது செய்தி வேறு மாதிரி வேலை செய்தது. எழுத்தில் சொல்ல முடியாத, நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒரு பெண்ணுக்கு என்னவாக இருக்கும்? எட்டு வருஷத்துக்குப் பிறகு வேறென்ன இருக்க முடியும்? அவர் அன்று சமையலறையில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சொல்ல ஆளில்லாததால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

ஆக, சேதியைக் கேட்க ஆசை, கேட்க முடியாது என்பது வெளிவந்துவிடுமே என்று நடுக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றது ரேக், இந்தச் சாமான்களையெல்லாம் அடுக்கிச் சுவரில் மாட்டுகிற இரும்புப் பெட்டி. ரேக் வந்தால்தானே மற்றதெல்லாம் மாட்ட முடியும்? அவர் ரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

கடை இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. கேமரா, வயர்ச்சுருள், காலிப் பெட்டிகள் என்று கால் வைக்க இடமில்லாத கடை. கடைக்காரம்மா நாற்பத்தைந்து வயதிருப்பாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். நல்லவேளையாக, பேசும்போது ஆளின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, அதட்டுகிற மாதிரிப் பேசுவாள். ஜெனரேட்டர்காரருக்கு அது வசதியாக இருந்தது.

"உங்க பொண்ணு சொன்ன சாமானுக்கு நாலு யூ போதும் சார்" என்று ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினாள். இந்தப் பெட்டிகளின் உயரத்தை யூ என்றுதான் கணக்குப் பண்ணுவார்கள், ஒரு யூ ஒன்றேமுக்கால் அங்குலம். "சின்னதா, அழகா இருக்கும். வீட்ல இருக்கறதே தெரியாது."

அவர் டேப்பை உருவினார். "ஆழம் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர். யூபிஎஸ் மட்டும் நாப்பத்திரண்டு. பின்னாடி பிளக் சொருகணும், வயர் வளையணும், என் கை போகணும். கையை எங்க வைக்கிறது, சட்டைப்பையிலயா?"

கடைக்காரம்மா தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி அளவை ஒருதரம் பார்த்தாள். அவர் சொன்னது நியாயம்தான். உயரத்தை எண்ணிவிட்டு ஆழத்தை மறப்பது இந்த வியாபாரத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு. "அப்போ அறுபது ஆழத்துல பார்க்கலாம்" என்றாள். "அடுத்த வாரம் வரும்."

அடுத்த வாரம் வந்தது. ஆறு யூ, அறுபது சென்டிமீட்டர் ஆழம், முன்னால் புகைநிறக் கண்ணாடிக் கதவு. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கண்ணாடி போட்டு மூடினா உள்ள இருக்கிற சூடு எங்க போகும்? பேட்டரி வெந்துடும். ஓட்டை போட்ட கதவு வேணும்." அதுவும் நியாயம். அவள் குடோனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வீட்டுக்குத் திரும்பிச் சுவர்களை ஆராய்ந்தார். மற்றவர்கள் சுவரைத் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அவர் மெல்லிய துளையொன்று போட்டு, கொட்டுகிற தூளைப் பார்த்தார். மாடிப்படியோரத்துத் தடுப்புச் சுவரில் வெள்ளைத் தூள் கொட்டியது, உள்ளே சத்தில்லை. கூடத்து வெளிச்சுவரில் செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. முப்பது கிலோ தொங்கினாலும் தாங்கும். மறுநாளே போய், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று விசாரித்தார். அதற்கு மறுநாள், பின்பக்க வேலைக்குப் பெட்டியே சுவரைவிட்டு விலகித் திறக்கிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நூற்றுக்கு நூறு சரி. எல்லாம் சேர்ந்து ஒரு பச்சைப் பொய்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைக்குப் போவது அவருக்குப் பிடித்திருந்தது. அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. போனால், "வந்துட்டார்யா இன்ஜினியர்" என்று ஒருத்தி அலுத்துக்கொள்வாள். ஒரு டீ வரும். தன்னோடு சண்டை போட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். வீட்டில் அவர் பேசினால் அவருக்கே கேட்காது. சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு, எதிர்வீட்டு நாயிடம் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்ப்பார், குரல் இருக்கிறதா என்று.

மூன்றாவது வாரம் ஓட்டைக் கதவு போட்ட ரேக் வந்தது. மேலே சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறியும் இருந்தது. கடைக்காரம்மா அதை ஓடவிட்டாள். வரும் வழியில் எங்கோ இடிபட்டிருக்க வேண்டும். இறக்கை கூண்டில் உரசி, தகரத்தைப் பல்லால் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜெனரேட்டர்காரர் உள்ளங்கையைப் பெட்டியின் விலாவில் வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் உதறுது. மத்தபடி நல்லா இருக்கு" என்றார். "சத்தமே இல்ல பாருங்க."

கடைக்காரம்மா விசிறியை அணைக்கவில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, அலமாரியைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். அவருக்குப் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமாமா, அதுவும் சரிதான்" என்றார் அவர்.

அவள் திரும்பினாள். விசிறியை அணைத்தாள். ஸ்டூலை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "சார், உங்க சட்டையில பல்லி ஏறுதுன்னு சொன்னேன். அதுவும் சரிதானா?"

அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அங்கே எதுவும் இல்லை.

"உங்களுக்குக் காது கேக்கல" என்றாள் அவள்.

"மெதுவா பேசுங்கம்மா. யார் காதுலயாவது விழப்போகுது."

"மெதுவா பேசினா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அவர்தான் முதலில் நிறுத்தினார். பிறகு எதையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியைச் சொன்னார், 'கட் ஆகுது' என்கிற வித்தையைச் சொன்னார், அண்ணனைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷத்தில் ஒரு மனித ஜீவனிடம் இதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை. தெருவில் போகிற இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அப்போ லைன் சரியாயிட்டா குட்டு வெளிய வந்துடும்னுதான் மூணு வாரமா என் உயிரை எடுத்தீங்களா?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"நான் சொன்ன குறையெல்லாம் நிஜமான குறைதான?"

"நிஜம்தான். அதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு அவர் தன் உதட்டைப் படித்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நேத்து உங்க பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சு. எப்போ மாட்டுவீங்க, எப்போ மாட்டுவீங்கன்னு. குரலே சரியில்ல சார். நான் வெளி ஆளு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது எதையோ சொல்லக் காத்துக்கிட்டு இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். குழந்தை விஷயத்தை வெளியே சொல்லக்கூடாதே என்று அடக்கிக்கொண்டார். ஆனால் மனம் இளகிவிட்டது. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் தவிக்கிறாள், தான் இங்கே கதவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. "இந்தப் பெட்டியே போதும்மா" என்றார். "விசிறியை மட்டும் மாத்திக் குடுங்க. சனிக்கிழமை மாட்டிடலாம்."

சனிக்கிழமை காலை அவளே டிரில்லும் கையுமாக வந்தாள். கூடத்துச் சுவரில் நான்கு துளை போட்டு, போல்ட்டை இறுக்கி, பெட்டியைத் தூக்கி மாட்டினார்கள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அதற்குப் பிறகு அவர் அவளைக் கிட்டவே விடவில்லை. யூபிஎஸ்ஸை அடியில் தள்ளினார், அதற்குமேல் ஒரு யூ சும்மா விட்டார், சூடு ஏற இடம் வேண்டும் என்று. அதற்கும் மேலே வயர் பிரிக்கிற பலகை, ஸ்விட்ச், ரவுட்டர். ஒவ்வொரு வயரையும் ஒரே வளைவில் வளைத்து, கட்டி, நுனியில் சீட்டு ஒட்டினார். எந்த வயரும் எந்த வயரையும் தாண்டிப் போகவில்லை. கடைக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள், இவ்வளவு சுத்தமான வேலையை அவள் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவும் சொன்னாள். அவர் அப்போது பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்குகள் வரிசையாகக் கண் சிமிட்டின. அவள் கிளம்பும்போது வாசலில் நின்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க."

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரி. அவருக்குச் சொல்கிற எண்ணமே இல்லை. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். படம் தெளிவாகத் தெரியும், உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடலாம். சேதி என்னவென்றுதான் தெரியுமே. அவள் சொல்லி முடித்ததும் சந்தோஷப்பட வேண்டும், அவ்வளவுதானே?

ஞாயிறு பத்து மணிக்கு மகள் வந்தாள். இரண்டு வருஷமாகக் கட்டம் கட்டமாகப் பார்த்த முகம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த மாதிரி முழுசாக நின்றது. புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்த தழும்புகூடத் தெரிந்தது. இளைத்திருந்தாள். மசக்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் இருந்த சுவர் அவர் பார்த்த சுவர் இல்லை. திரையில்லாத ஒரு ஜன்னலும், மடித்துச் சாத்திய ஒரு கட்டிலும் தெரிந்தன. வீட்டை மாற்றி அடுக்கியிருப்பார்கள், தொட்டில் வைக்க இடம் வேண்டாமா?

வழக்கம்போல அவரே ஆரம்பித்தார். ரேக்கைப் பற்றி, செங்கல் சுவரைப் பற்றி, விசிறி மாற்றியதைப் பற்றி. மகள் புன்னகைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். 'அப்பா' என்றது தெரிந்தது. அதற்கடுத்து ஏதோ 'ரொம்ப நாளா' என்ற மாதிரி இருந்தது. அதன்பின் அவள் குனிந்துகொண்டாள். மடியைப் பார்த்தபடி, கையால் வாயைப் பாதி மறைத்தபடி, நிறுத்தாமல் பேசினாள். அவருக்கு உதடு கிடைக்கவில்லை. நெற்றிதான் கிடைத்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். அவருக்குக் கண் கலங்கியது.

அவள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு!" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. "ரொம்ப ரொம்ப சந்தோஷம். இதுக்குத்தான நானும் காத்துக்கிட்டு இருந்தேன். உங்கம்மா இருந்திருந்தா குதிச்சிருப்பா."

லைன் அருமையாக வேலை செய்தது. மகளுடைய முகத்தில் நடந்தது எதையும் அது விட்டுவைக்கவில்லை. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரியாமலே கன்னம் துடித்தது, உதடு கோணியது, கண் அவரைவிட்டு எங்கோ போனது. அவளுடைய சின்ன வயதில் அவர் ஒரே ஒருமுறை அவளைக் கைநீட்டி அடித்திருக்கிறார். அன்று பார்த்த அதே முகம். சந்தோஷச் சேதி சொன்னவளின் முகம் அது இல்லை.

அவர் பாதி எழுந்துவிட்டார். ரேக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, எந்த வயர் வெளியிலிருந்து வருகிறது என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஒரு இழுப்பு. 'கட் ஆயிடுச்சும்மா' என்று பிறகு ஒரு செய்தி. கைகூட நீண்டுவிட்டது. திரையில் மகள், "அப்பா?" என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் எந்த உதட்டிலும் படிப்பார். அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றார். "நீ சொன்னது ஒண்ணும் எனக்குத் தெரியல. இன்னிக்கு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமா. லைன் எல்லாம் சும்மா சொன்னது."

மகள் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று அவர் நினைத்தார். இல்லை, கண் இமைத்தது. கோபப்படுவாள், அழுவாள், அணைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழுந்து போனாள். காலி நாற்காலி தெரிந்தது, திரையில்லாத ஜன்னல் தெரிந்தது. இதோடு முடிந்தது என்று அவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் காகிதக் கட்டும் தடித்த பேனாவுமாகத் திரும்பி வந்தாள். குனிந்து எழுதினாள். தூக்கிப் பிடித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம். தன் குரலின் உயரம் தெரியாமல், வீடு அதிர உரக்கப் படித்தார்.

"அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்பா."

படித்து முடித்த பிறகுதான் அது மண்டைக்குள் போனது. அதற்குள் அடுத்த தாள் வந்துவிட்டது. அவர் அதையும் உரக்கப் படித்தார்.

"நாலு மாசம் ஆச்சு. வேற ரூம் எடுத்துத் தனியாத்தான் இருக்கேன். பேச யாரும் இல்ல."

நாலு மாசம். பெட்டிகள் வந்தது நேற்று மாதிரி இருக்கிறது, அதற்கும் முன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? நாய் குட்டி போட்டதைச் சொல்லிவிட்டு அணைத்தது எந்த வாரம்? கேட்டுக்குப் பெயிண்ட் அடித்ததைச் சொன்னபோது அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்ததே, அது லைன்தானா?

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்ல வந்தியாம்மா?" என்று கேட்டார்.

மகள் தலையாட்டினாள்.

"எத்தனை தடவை?"

அவள் எழுதவில்லை. ஒரு கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு கையையும் தூக்கினாள்.